மச்சத்தை அழிக்காதீங்க!



"புகைப்படத்தில் முகத்தை மெருகேற்றுவது மகிழ்ச்சியைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா?" என்பது இன்றைய தலைப்பு. குறைக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னாடி பேசின தம்பி ஒரு கேள்வி கேட்டார். "வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டா வீட்டுக்கு அழகுதானே? முகத்தைக் கொஞ்சம் திருத்திப் படம் போட்டா மட்டும் என்ன தப்பு?"ன்னார். நல்லா கைதட்டு வாங்கினார். தம்பி, பெருக்குங்க, கோலம் போடுங்க, செம்மண் பட்டைகூட அடிங்க. ஆனா பக்கத்து வீட்டு வாசலைப் படம் பிடிச்சு வச்சிக்கிட்டு, "இதுதான் எங்க வீடு"ன்னு விலாசம் கொடுக்காதீங்க. வர்றவன் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவான்? (கைதட்டல்)

நடுவர் அவர்களே, நான் பள்ளிக்கூடத்து டீச்சர். பிள்ளைங்களுக்குச் சான்றிதழ் எழுதும்போது 'அங்க அடையாளங்கள்'னு ஒரு கட்டம் வரும். "எங்கேடா மச்சம்?"னு கேட்டா, பையன் சட்டையைத் தூக்கித் தேடுவான். "இடது கன்னத்தில் ஒரு மச்சம், வலது முழங்காலில் ஒரு தழும்பு." இதை எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுக்கிறோம். ஊர்ல இருக்கிற அத்தனை பேர்லயும் இவன்தான் இவன்னு அரசாங்கம் எதை வச்சு நம்புது? அந்த மச்சத்தை வச்சு. அதே பையன் சான்றிதழைக் கையில வச்சிக்கிட்டு ஸ்டூடியோவுக்குப் போனா, முதல் வேலையா எதை அழிக்கிறாங்க? அந்த மச்சத்தை! (சிரிப்பு)

இது கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த வியாதின்னு நினைக்காதீங்க. 'போட்டோஷாப்' வந்ததே 1990-ல். அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே இந்த வேலை உண்டு. பழைய ஸ்டூடியோவில் சாய்வா ஒரு மர மேசை இருக்கும். நடுவில் கண்ணாடி, அதுக்கு மேல நெகடிவ், கீழேயிருந்து வெளிச்சம். டச்சப் பண்றவர் பென்சிலை ஊசி மாதிரி சீவி வச்சிருப்பார். நெகடிவில் எல்லாம் தலைகீழ் இல்லையா? முகத்தில் கறுப்பாத் தெரியிற சுருக்கம், அதில் வெளுப்பா இருக்கும். அந்த வெளுப்பில் பென்சிலால் பொடிப்பொடியா தீட்டுவார். தீட்டின இடம் வெளிச்சத்தைத் தடுக்கும். காகிதத்தில் அந்த இடம் வெளுத்து விழும். அறுபது வயசுத் தாத்தா நாற்பது வயசாயிடுவார். அது கலைதான், கண்ணைக் கெடுத்துக்கிட்டுச் செஞ்ச வேலைதான். அவங்களை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஒரு முகத்துக்கு அத்தனை பாடுங்கிறதால, எதைத் தொடணும் எதை விடணும்னு அவங்க யோசிச்சுத்தான் ஆகணும்.

இப்ப என்ன நடக்குது? அதே படத்துக்கு ஒரு நகல் எடுத்து, மேலே வச்சு, மங்கலாக்குறாங்க. கண்ணு, புருவம், உதடு, முடி இருக்கிற இடத்துக்கு மட்டும் ஓட்டை போட்டுட்டு, மிச்ச முகமெல்லாம் வழவழன்னு விட்டுர்றாங்க. இட்லி மாவைத் துணியில் ஊத்தின மாதிரி ஆயிடுது முகம்! சில செல்போனில் நீங்க கேட்கக்கூட வேண்டாம், படம் எடுக்கும்போதே அதுவா திருத்திக் கொடுக்குது. நம்ம முகத்தைப் பத்தி நம்மகிட்ட யாரும் அபிப்பிராயம் கேட்கலை.

சரி, இதில் யாருக்கு என்ன நஷ்டம்னு எதிரணித் தலைவி கேட்டாங்க. சொல்றேன்.

எங்க தெருவில் ஒரு பொண்ணு. மாநிறம், கன்னத்தில் மச்சம், சிரிச்சா பளிச்சுன்னு இருப்பா. ஜாதகத்தோடு கொடுக்கப் படம் எடுத்தாங்க. ஸ்டூடியோக்காரர் யாரும் கேட்காமலே நிறத்தை நாலு படி ஏத்தி, மச்சத்தைத் துடைச்சுக் கொடுத்துட்டார். அவங்க அம்மாவுக்குச் சந்தோஷம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்தாங்க. பையனோட அத்தை கையில அந்தப் படம். பொண்ணு காபித் தட்டோடு வந்து நிக்கிறா. அந்தம்மா படத்தைப் பார்க்குது, பொண்ணைப் பார்க்குது, மறுபடி படத்தைப் பார்க்குது. அப்புறம் கேட்டாங்க பாருங்க: "படத்துல இருக்கிறது அக்காவா?"

நடுவர் அவர்களே, அந்த வீட்டில் ஒரே பொண்ணு. (மௌனம்)

அவங்க போன பிறகு அந்தப் பொண்ணு அழலை. சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கிட்டே சொன்னா: "அம்மா, அந்தப் படத்துல இருக்கிறவளையே கட்டிக் கொடுத்துடுங்க. நான் இங்கேயே இருந்துக்கறேன்." திருத்தினது ஸ்டூடியோக்காரர். ஏமாந்தது மாப்பிள்ளை வீடு. தலைகுனிஞ்சு நின்னது யாரு? ஒரு தப்பும் பண்ணாத அந்தப் பொண்ணு! இதுக்குப் பேரு மகிழ்ச்சியா, நண்பர்களே?

வெளிநாட்டுக்காரங்க இதைச் சட்டமாகவே ஆக்கிட்டாங்க. விளம்பரத்தில் மாடலோட உடம்பை ஒல்லியாவோ குண்டாவோ மாத்தினா, 'திருத்தப்பட்ட படம்'னு எழுதணும்னு 2017-ல் பிரான்ஸ் நாட்டில் விதி வந்தது. 2022-ல் நார்வே நாட்டிலும் அதே மாதிரி ஒரு சட்டம். நாம கல்யாணப் படத்துக்கும் அப்படி ஒரு சீட்டு ஒட்டினா, அத்தைமார்கள் கேள்வி கேட்காம காபி குடிச்சுட்டுப் போவாங்க.

அப்போ முகம் மென்மையா, பார்க்க இதமா இருக்கவே கூடாதான்னா, தாராளமா இருக்கட்டும். ஆனா முகத்தை விட்டுட்டு வெளிச்சத்தைத் திருத்துங்க. உச்சி வெயிலில் நிறுத்திப் படம் எடுத்தா, கண்ணுக்குக் கீழே குழி, மூக்குக்குக் கீழே மீசை. (சிரிப்பு) வெயில் நேரா விழாத ஜன்னல் ஓரமா உட்கார வைங்க. வெயில் விழுந்தா குறுக்கே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்க. இந்தப் பக்கம் இன்னொரு வேட்டியைப் பிடிச்சா, நிழல் விழுந்த கன்னத்துக்கும் வெளிச்சம் போகும். பெரிய இடத்திலிருந்து பரவி வர்ற வெளிச்சத்தில் சின்னச் சின்னக் குழிக்கெல்லாம் நிழல் விழாது. அதுதான் மென்மை. காசும் இல்லை, பொய்யும் இல்லை.

ஜூலியா மார்கரெட் கேமரன்னு ஒரு அம்மா. 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவங்க. நாற்பத்தெட்டு வயசில்தான் மகளும் மருமகனும் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தாங்க. அவங்க எடுத்த முகமெல்லாம் கொஞ்சம் மங்கலா, கனவு மாதிரி இருக்கும். "ஃபோகஸ் சரியில்லை"ன்னு அந்தக் காலத்துக்காரங்க கேலி பண்ணினாங்க. அவங்க அசரலை. ஆனா நெகடிவில் கை வச்சு முகத்தைத் திருத்த மாட்டேன்னு பெருமையாவே சொன்னவங்க. 1867-ல் ஹெர்ஷல்ங்கிற வயசான விஞ்ஞானியைப் படம் எடுத்தாங்க. கலைஞ்ச வெள்ளை முடி, முகமெல்லாம் கோடு. ஒரு கோட்டையும் அழிக்கலை. அந்தம்மா கடைசியில் நம்ம பக்கத்து இலங்கைக்கு வந்து, 1879-ல் அங்கேயே காலமானாங்க. பொகவந்தலாவையில் சமாதி இருக்கு.

இன்னொண்ணு சொல்லி முடிச்சுக்கறேன். என் வகுப்புப் பையனோட அப்பா தவறிட்டார். துக்கம் கேட்கப் போயிருந்தேன். அடையாள அட்டையில் இருந்த சின்னப் படத்தைப் பெரிசாக்கி, மாலை போட்டு மாட்டியிருந்தாங்க. பளபளன்னு ஒரு முகம். நாலு வயசுத் தங்கச்சி அதையே பார்த்துக்கிட்டு நின்னா. "அப்பாவுக்கு இங்க அடிபட்டிருக்குமே, அதைக் காணோம்?"னு தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினா. அவ தூங்கும்போது தினமும் தடவிக்கிட்டே தூங்கின தழும்பாம் அது. அவங்க அம்மா மறுநாளே படத்தைத் தூக்கிக்கிட்டு ஸ்டூடியோவுக்குப் போனாங்க. "அழகா இருக்கட்டும்னுதான்மா எடுத்தேன்"ன்னார் அவர். "எங்களுக்கு அவர் வேணும்ங்க"ன்னு மட்டும் சொல்லி, தழும்போடு வேற படம் போட்டு வாங்கிட்டு வந்தாங்க. (கைதட்டல்)

பருவை எடுங்க, நான் வேண்டாம்னு சொல்லலை. அது அடுத்த வாரம் தானாவே போற விருந்தாளி. மச்சமும் தழும்பும் வீட்டுக்காரங்க.

நடுவர் அவர்களே, நிகழ்ச்சி முடிஞ்சதும் நம்மை எல்லாம் நிக்க வச்சுப் படம் எடுக்கப்போறதா சொன்னாங்க. எத்தனை வீட்டு வழக்கைக் கேட்டு வந்த சுருக்கமோ உங்க நெத்தியில் இருக்கிறது, அதில் கை வைக்க வேண்டாம்னு கேமராக்காரர்கிட்ட நானே சொல்லிடறேன். தீர்ப்பை மட்டும் நீங்க பார்த்துக்குங்க.