ஆங்கிலச் சொல்வளம்: தேவையானதைத் தெளிவாகக் கற்போம்

(ஜமாஅத்தின் கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்ளும் வழி குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். இத்தலைப்பைக் கேட்டவுடன் தடித்த அகராதி ஒன்று உங்கள் கண்முன் தோன்றக்கூடும். பள்ளியில் பல ஆண்டுகள் ஆங்கிலம் பயின்ற நம் பிள்ளைகளில் பலர், வங்கிப் படிவத்தைக் கையில் கொடுத்தால், "எனக்கு இங்கிலீஷ் வராது" என்று கூறி ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அகராதி முழுவதையும் மனனம் செய்ய வேண்டியதில்லை. அன்றாட வாழ்வுக்கும் நாம் செய்யும் தொழிலுக்கும் வேண்டிய சொற்கள் ஓர் அளவுக்கு உட்பட்டவை. அவற்றை ஐயமறக் கற்றால் போதும். ஆனால் அரைகுறையாகக் கற்றால் அது பொருளுக்கும் சில வேளைகளில் உயிருக்கும் இழப்பாக முடியும்.

எத்தனை சொற்கள் வேண்டும்?

இக்கேள்வியை அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1930ஆம் ஆண்டில் ஆக்டன் என்னும் ஆங்கில அறிஞர் 850 சொற்களைக் கொண்டே அடிப்படை ஆங்கிலத்தைக் கையாளலாம் என்று ஒரு பட்டியலை வெளியிட்டார். அவருக்குப் பின் மைக்கேல் வெஸ்ட் என்பவரின் பட்டியல் 1953இல் வெளிவந்தது. இவர் அன்றைய வங்காளத்தில், டாக்கா நகரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதல்வராகப் பணியாற்றியவர். நம்மைப் போலவே வேறு தாய்மொழி பேசும் பிள்ளைகள் ஆங்கிலம் கற்கப் படும் பாட்டை நேரில் கண்டவர். அவருடைய பட்டியலில் ஏறத்தாழ 2000 சொற்கள் இருந்தன. ஒரு சொல்லுக்குப் பல பொருள்கள் இருந்தால், அவற்றுள் எப்பொருள் மிகுதியாக வழங்குகிறது என்பதையும் அவர் குறித்திருந்தார்.

பொதுவான ஆங்கில எழுத்தில், மிகுதியாகப் பயிலும் இந்த 2000 சொற்களும் அவற்றின் கிளைச் சொற்களுமே சுமார் 80 விழுக்காடு இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மீதமுள்ள 20 விழுக்காட்டில் அந்தந்தத் துறைக்குரிய சொற்கள் வந்து அமர்கின்றன. ஆகவே ஒரு மின்பணியாளருக்கோ, கடைக் கணக்கருக்கோ, செவிலியருக்கோ வேண்டியவை இவைதாம்: பொதுச் சொற்கள் இரண்டாயிரம், தம் தொழிலுக்குரிய சொற்கள் சில நூறு. நாளொன்றுக்கு 5 சொற்கள் வீதம் ஆண்டில் 300 நாள்கள் கற்றால் 1500 சொற்கள் ஆகிவிடும். இரண்டே ஆண்டுகளில் இலக்கைக் கடந்துவிடலாம்.

கையெழுத்திடும் முன்

நம் இளைஞர்கள் பலர் வளைகுடா நாடுகளுக்குச் செல்கிறார்கள். அங்கே அவர்களுக்குத் தரப்படும் ஒப்பந்தத்தில் "எம்ப்ளாயர்", "எம்ப்ளாயீ" என்னும் இரு சொற்கள் வரிக்கு வரி இடம்பெறும். முன்னது வேலை கொடுப்பவர். பின்னது வேலை செய்பவர். சொல்லின் கடைசி ஒலி மட்டுமே வேறுபாடு. விமானப் பயணச் சீட்டின் செலவு யாரைச் சேர்ந்தது என்பதை அந்தக் கடைசி ஒலிதான் முடிவு செய்கிறது. இதனை ஒருமுறை புரிந்துகொண்டால், "டிரெய்னர்" பயிற்சி கொடுப்பவர், "டிரெய்னீ" பயிற்சி பெறுபவர், "பேயர்" பணம் செலுத்துபவர், "பேயீ" பணம் பெறுபவர் எனப் பல சொற்கள் தாமாகவே விளங்கிவிடும்.

அடுத்து "பேசிக்" என்னும் சிறு சொல்லைப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் என்பது அதன் பொருள். "அலவன்ஸ்" என்பது படி. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தொழிலாளர் சட்டத்தின்படி, ஓராண்டு பணி முடித்த முழுநேர வெளிநாட்டுத் தொழிலாளி விலகும்போது "கிராஜுவிட்டி" என்னும் பணிக்கொடை பெற வேண்டும். முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம். அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் சம்பளம். இக்கணக்கு மொத்தச் சம்பளத்தின் மீது அன்று, பேசிக் சம்பளத்தின் மீதே போடப்படுகிறது.

இருவர் மாதம் 2000 திர்ஹம் பெறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு பேசிக் 1000, மற்றவருக்கு 1500. எஞ்சியது படி. ஐந்தாண்டு முடிவில் முதலாமவருக்குப் பணிக்கொடை 3500 திர்ஹம். இரண்டாமவருக்கு 5250 திர்ஹம். மாதந்தோறும் ஒரே தொகை பெற்ற இருவருக்கிடையே 1750 திர்ஹம் வேறுபாடு! அந்தச் சொல்லை அறிந்தவர் கையெழுத்திடும் முன்பே கேட்டிருப்பார். "புரொபேஷன்" என்னும் தகுதிகாண் காலம், "நோட்டீஸ் பீரியட்" என்னும் முன்னறிவிப்புக் காலம், "டிடக்‌ஷன்" என்னும் பிடித்தம், "அன்பெய்டு லீவ்" என்னும் சம்பளமில்லா விடுப்பு ஆகியவையும் இவ்வாறே முன்கூட்டி அறிந்திருக்க வேண்டிய சொற்கள்.

உயிரோடு தொடர்புடைய சொல் ஒன்றையும் கூறுகிறேன். ஆங்கிலத்தில் "இன்" என்னும் முன்னொட்டு பெரும்பாலும் எதிர்மறைப் பொருள் தரும். "வாலிட்" என்றால் செல்லுபடியாவது. "இன்வாலிட்" என்றால் செல்லாதது. இதைக் கற்ற ஒருவர், பெயின்ட் டப்பாவின் மீது "இன்ஃப்ளேமபிள்" என்று எழுதியிருப்பதைக் கண்டு, தீப்பற்றாத பொருள் என்று எண்ணிவிடலாம். உண்மையில் அது எளிதில் தீப்பற்றும் பொருள்! "ஃப்ளேமபிள்", "இன்ஃப்ளேமபிள்" இரண்டுக்கும் ஒரே பொருள்தான். இக்குழப்பத்தைத் தவிர்ப்பதற்காகவே அமெரிக்காவின் தீத்தடுப்பு அமைப்பினர் 1920களிலிருந்து "ஃப்ளேமபிள்" என்பதையே பயன்படுத்துமாறு வலியுறுத்தி வந்தார்கள். ஆயினும் பழைய சொல் இன்னும் வழக்கிலிருந்து மறையவில்லை.

நம் பேச்சிலுள்ள ஆங்கிலம்

ஆங்கிலம் வராது என்று கூறுபவர்கூட நாள்தோறும் நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்களைப் பேசுகிறார். பஸ், டிக்கெட், பில், பேங்க், லீவு என அவை நம் நாவில் ஊறியவை. இது நமக்குள்ள நல்ல முதல். ஆனால் இந்த முதலில் சில செல்லாக் காசுகளும் கலந்துள்ளன. நாம் உணவகத்தை "ஹோட்டல்" என்கிறோம். ஆங்கிலத்தில் அது தங்குமிடம். மின்சாரத்தை நாம் "கரண்ட்" என்கிறோம். அவர்கள் "பவர்" என்பார்கள். கடையில் தரும் பையை நாம் "கவர்" என்கிறோம். அவர்களுக்கு அது "பேக்". "ஜெராக்ஸ்" ஒரு நிறுவனத்தின் பெயர், செய்வது "போட்டோகாப்பி". மாற்றுச் சக்கரத்தை நம் ஓட்டுநர்கள் "ஸ்டெப்னி" என்கிறார்கள். அதுவும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தகைய சக்கரங்களை விற்ற பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றின் பெயரே. வெளிநாட்டு மேலாளரிடம் "ஸ்பேர் வீல்" என்றால்தான் விளங்கும். பயிற்சி வகுப்பில் "டவுட்" என்றால், நீங்கள் விளக்கம் கேட்பதாக அன்றி, அவர் சொன்னதை நம்பவில்லை என்று அயல்நாட்டார் கருதக்கூடும். "கொஸ்டின்" என்பதே அங்குப் பொருந்தும்.

இன்னொன்றையும் கருத வேண்டும். தமிழில் நாம் கையெழுத்துப் போடுகிறோம், லீவு போடுகிறோம், மனுப் போடுகிறோம், சட்டையும் போடுகிறோம். "போடு" என்னும் ஒரே வினை எல்லாவற்றுக்கும் உதவுகிறது. ஆங்கிலத்திலோ ஒவ்வொன்றுக்கும் தனி வினை உண்டு. கையெழுத்துக்கு "ஸைன்", லீவுக்கு "அப்ளை", மனுவுக்கு "சப்மிட்", சட்டைக்கு "வேர்". எனவே ஒரு சொல்லைத் தனியே கற்காதீர்கள். அதனோடு சேர்ந்து வரும் துணைச் சொல்லையும் இணைத்தே கற்றுக்கொள்ளுங்கள். "ஃபார்ம்" என்று எழுதும்போது "ஃபில் இன்" என்பதையும் உடன் எழுதுங்கள்.

மறவாதிருக்க வழி

படித்தது நிற்பதில்லை என்பது பலருடைய மனக்குறை. மறதி மனித இயல்பு. எப்பிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, மனனம் செய்தது முதல் நாளிலேயே பெருமளவு மறந்துபோகிறது என்பதை 1885இல் வெளியிட்டார். இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் பார்ப்பதே இதற்கு மருந்து. 1972இல் லைட்னர் என்பவர் இதற்கு எளிய முறை ஒன்றை விளக்கினார். சிறு அட்டையின் ஒருபுறம் சொல், மறுபுறம் பொருள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குச் செல்லும். அதனைச் சில நாள் கழித்துப் பார்த்தால் போதும். தவறிய அட்டை முதல் பெட்டிக்கே திரும்பும். அதனை நாள்தோறும் பார்க்க வேண்டும். பழைய திருமண அழைப்பிதழ்களை வெட்டினாலே அட்டைகள் கிடைத்துவிடும். கைப்பேசியில் செய்ய விரும்புவோர்க்கு இம்முறையில் அமைந்த செயலிகளும் உள்ளன.

பொருளை எழுதுவதோடு நிறுத்தாமல், உங்கள் வேலையிலிருந்தே ஒரு வாக்கியம் எழுதுங்கள். கிடங்கில் பணிபுரிபவர் "ஸ்டாக்" என்னும் சொல்லைத் தம் கிடங்கைக் கொண்டே எழுதட்டும். தம் வாழ்வோடு ஒட்டிய சொல் எளிதில் அகலாது.

நாம் ஒன்றுகூடிச் செய்யக்கூடியது

இறுதியாக, ஜமாஅத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். வெளிநாடுகளில் பல்லாண்டு உழைத்துத் திரும்பிய பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஓட்டுநர், மின்பணியாளர், சமையற்கலைஞர், கிடங்குப் பொறுப்பாளர் எனப் பல தொழில்களில் தேர்ந்தவர்கள் அவர்கள். ஒவ்வொருவரும் தம் தொழிலில் அன்றாடம் தேவைப்பட்ட 50 சொற்களை எழுதித் தரட்டும். பத்துப் பேர் தந்தால் 500 சொற்கள். ஆசிரியர்கள் அவற்றைச் சரிபார்த்துத் தமிழ் விளக்கத்துடன் சிறு நூலாக்கித் தரலாம். புறப்படும் இளைஞருக்கு நாம் அளிக்கும் வழியனுப்புப் பரிசாக அது அமையும்.

வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம், உண்மையான படிவங்களையும் ஒப்பந்த மாதிரிகளையும் வைத்து வாசிக்கும் வகுப்பு ஒன்றையும் தொடங்கலாம். அவ்வகுப்பு பெண்களுக்கும் கட்டாயம் வேண்டும். கணவர் வெளிநாட்டில் இருக்கையில் வங்கிக்கும், மருத்துவமனைக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கும் செல்பவர்கள் அவர்களே. மருந்துச் சீட்டில் உணவுக்கு முன்பா பின்பா என்பதை அறிவது அவர்களுக்கு மிகவும் இன்றியமையாதது.

தாய்மொழியைத் தாழ்த்தி ஆங்கிலத்தை உயர்த்துவது என் நோக்கமன்று. தமிழில் தெளிவாகச் சிந்திப்பவரே ஆங்கிலச் சொல்லின் பொருளையும் தெளிவாகப் பற்றுவார். நம் பிள்ளை எந்தத் தாளில் கையெழுத்திட்டாலும், அதில் எழுதியிருப்பதைப் படித்துப் புரிந்துகொண்ட பின்னரே கையெழுத்திட வேண்டும். அந்நிலையை நம் ஊரில் ஏற்படுத்த இன்றே முதல் ஐந்து சொற்களை எழுதத் தொடங்குவோம்.