வெண்கலத்தையும் சொல்லுங்கள்

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில், பள்ளிக்கு நடந்துபோன ஐந்து வயதுச் சிறுவனின் வலது காலில் பேருந்து ஏறியது. முழங்காலுக்குக் கீழே கால் நசுங்கிப்போனது. அம்மா காய்கறி விற்று வீட்டைக் காப்பாற்றினார். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர்தான் பையனை உயரம் தாண்டத் தூண்டினார்.

அந்தச் சிறுவன்தான் மாரியப்பன் தங்கவேலு.

2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். பலரும் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மாணவருக்கு வேண்டியதோ இதற்குப் பிறகுதான் இருக்கிறது. டோக்கியோவில் 1.86, வெள்ளி. 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். உயரம் சற்றே குறைந்தது. அவர் களத்தை விடவில்லை. தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்குகளில் பதக்கம் வென்ற முதல் இந்தியர் அவரே.

ஆசிரியர்களே, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொன்னால், அந்த வெண்கலத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.