சுடாதே என்று ஒரு நிறம்
(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கறுப்பின மக்களின் போராட்டம் பற்றிப் பேசணும்னு கூப்பிட்டீங்க. நான் இன்றைக்கு ஆரஞ்சு நிறத்தைப் பற்றிப் பேசப் போறேன்.

2013 ஜனவரி 29. சிகாகோ நகரத்தின் தென்பகுதி. ஹதியா பெண்டில்டன் என்கிற 15 வயதுக் கறுப்பினப் பெண், பரீட்சை முடிந்து, கூடப் படிக்கிற பிள்ளைகளோடு ஒரு பூங்காவில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறாள். வேறு யாரோ என்று நினைத்துச் சுடுகிறார்கள். முதுகில் குண்டு. அதற்கு ஒரு வாரம் முன்புதான் ஒபாமாவின் இரண்டாவது பதவியேற்பு விழாவுக்காக வாஷிங்டன் போய், பள்ளி அணியோடு ஆடிவிட்டு வந்திருந்தாள். கைதானவர்களும் கறுப்பின இளைஞர்கள்தான். இதை மறைத்துப் பேச வேண்டியதில்லை.

அந்தப் பிள்ளைங்க என்ன பண்ணாங்க? ஆரஞ்சுச் சட்டை போட்டாங்க. அந்த நாட்டில் காட்டுக்கு வேட்டைக்குப் போகிறவர்கள் ஆரஞ்சு உடுத்துவார்கள். இன்னொரு வேட்டைக்காரன் மிருகமென்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாதில்லையா? 'இங்க நிக்கிறது மனுசன், சுடாதே' என்று அர்த்தம். சொந்தத் தெருவில் நடக்கிற பிள்ளை, நான் மிருகம் இல்லை என்று சட்டையால் சொல்ல வேண்டியிருக்கு. இதை நமக்கு விளக்கவா வேணும்?

2015 ஜூன் 2. இருந்திருந்தால் அவளுக்கு 18 வயது நிறைந்திருக்கும். அன்றைக்குத்தான் முதன்முதலாக 'துப்பாக்கி வன்முறை விழிப்புணர்வு நாள்' நாடெங்கும் நடந்தது. அதற்கப்புறம் நாடாளுமன்றத்துக்குள்ளும் ஆரஞ்சு வந்துவிட்டது. அந்த நாளை ஆதரிக்கிறோம் என்று உறுப்பினர்கள் தீர்மானம் கொண்டு வருகிறார்கள். தீர்மானம் என்றால் சட்டமில்லை. ஜனாதிபதியின் கையெழுத்துக்குப் போகாது. ஒரு டாலர் ஒதுக்காது, ஒரு துப்பாக்கியைத் தடுக்காது.

சரி, விழிப்புணர்வு என்கிறார்களே, அதையாவது உண்மையாகச் செய்தார்களா? 1996இல் இதே நாடாளுமன்றம் நோய்த் தடுப்பு மையத்தின் நிதி மசோதாவில் ஒரு வரியைச் செருகியது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவாக அந்தப் பணத்தைச் செலவிடக் கூடாது. கூடவே, துப்பாக்கிக் காய ஆராய்ச்சிக்கு முந்தைய ஆண்டு செலவான 26 லட்சம் டாலரை அப்படியே பிடுங்கியது. வீட்டில் துப்பாக்கி இருந்தால் அந்த வீட்டிலேயே கொலை நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று 1993இல் ஒரு ஆய்வு சொல்லியிருந்தது. அதுதான் கோபம். 2019 டிசம்பரில்தான் மறுபடி நிதி வந்தது, இரண்டரைக் கோடி டாலர். நான் வங்கியில் கணக்கெழுதுகிறவன். பேரேட்டைப் பூட்டி வைத்துவிட்டு, வாசலில் தோரணம் கட்டிச் 'சேமிப்பு விழிப்புணர்வு வாரம்' நடத்தினால் ஜனங்கள் எங்களை என்ன சொல்வார்கள்? 2021இல் மட்டும் அங்கே துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். பாதிக்கு மேல் தற்கொலை.

சட்டம் போடத் தெரியாத நாடா அது? 1967 மே 2. கருஞ்சிறுத்தைகள் - 1972இல் பம்பாயில் நம் தலித் சிறுத்தைகள் பெயர் எடுத்துக்கொண்டது இவர்களிடமிருந்துதான் - முப்பது பேர் துப்பாக்கியோடு கலிபோர்னியா சட்டமன்றத்துக்குள் போனார்கள். ஓக்லாந்து தெருக்களில் போலீஸ் கறுப்பர்களை அடிப்பதைக் கண்காணிக்க அவர்கள் ஆயுதம் ஏந்தியது அப்போது சட்டப்படி சரியே. அதைத் தடுக்கத்தான் மல்ஃபோர்டு மசோதா வந்திருந்தது. ஜூலை 28இல் கவர்னர் ரீகன் கையெழுத்துப் போட்டுவிட்டார். துப்பாக்கிக்காரர் சங்கமும் ஆதரித்தது! கறுப்பன் கையில் துப்பாக்கி என்றால் மூன்று மாதத்துக்குள் சட்டம். கறுப்புப் பிள்ளை முதுகில் குண்டு என்றால் தீர்மானம்.

எனக்கு முன்னால் பேசிய தோழர், 'குறியீடெல்லாம் வெத்துவேட்டு' என்றார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2016 ஜூனில் ஓர்லாண்டோவில் 49 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும் சபை வழக்கம்போல எழுந்து மௌனமாக நின்றது. பத்து நாள் கழித்து ஜான் லூயிஸ் - 1965இல் செல்மா பாலத்தில் போலீஸ் அடித்து மண்டை உடைந்த அதே ஆள் - சபை நடுவே தரையில் உட்கார்ந்தார். கூடவே பலர். ஏறத்தாழ 25 மணி நேரம். சபையின் கேமராவை நிறுத்தினார்கள். இவர்கள் கைபேசியில் வெளியே காட்டினார்கள். கேட்டது ஓட்டெடுப்பு. கிடைக்கவில்லை. நிற்கிறதும் குறியீடு, உட்கார்கிறதும் குறியீடு. இரண்டும் ஒண்ணா?

2022 ஜூனில் ஒரு சட்டம் வந்தது, மறுக்கவில்லை. யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் செத்த பிறகு.

ஹதியாவின் அம்மாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மகள் செத்த இரண்டே வாரத்தில், 2013 பிப்ரவரி 12 அன்று, அவரை நாடாளுமன்றப் பார்வையாளர் மாடத்தில், ஜனாதிபதியின் மனைவிக்கு அருகில் உட்கார வைத்தார்கள். ஒபாமா பேசினார், இவர்களுக்காக ஓட்டெடுப்பாவது நடத்துங்கள் என்றார். சபையில் பலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஏப்ரல் 17 அன்று செனட்டில் ஓட்டெடுப்பு நடந்தது. துப்பாக்கி வாங்குகிறவரின் பின்னணியை இன்னும் கொஞ்சம் விரிவாக விசாரிக்கணும், அவ்வளவுதான் திருத்தம். ஆதரவு 54, எதிர்ப்பு 46. வேண்டியிருந்தது 60.