"ஏன் 2 இல்ல?": குடியை விடவைக்கிற ஒரு கேள்வி

நாகப்பட்டினத்துல இருந்து இன்னொரு எபிசோட். இன்னைக்குக் கேள்வி: குடிக்கிற ஒருத்தர்கிட்ட, அதை விடறதைப் பத்தி எப்படிப் பேசறது?

நம்ம வீடுகள்ல இதுக்கு ஒரு பழைய ஸ்கிரிப்ட் இருக்கு. முதல்ல திட்டு. அப்புறம் அழுகை. கடைசியில சூடம் அணைச்சு சத்தியம். ஒரு வாரம் தாங்கும், அப்புறம் மறுபடி டாஸ்மாக்.

ஏன் இது வேலை செய்யறதில்ல? கோட் ரிவ்யூல யாராவது "இது தப்பு"ன்னு சொன்னா நாம என்ன பண்றோம்? உடனே அந்தக் கோடுக்கு வக்காலத்து வாங்குவோம். குடியிலயும் அதேதான். குடிக்கிறவர் மனசுல "விடணும்", "வேணும்" ரெண்டுமே இருக்கும். முதல் பக்கத்தை நாம பேசிட்டா, மிச்சமிருக்கிற பக்கத்தை அவர் பேச ஆரம்பிச்சிடுவார். பேசப் பேச, அதையே நம்பவும் ஆரம்பிப்பார்.

இதைக் கவனிச்சு 1983ல அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் ஒரு கட்டுரை எழுதினார். அவர் முன்வச்ச முறைக்குப் பேரு மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங். விடறதுக்கான காரணத்தைக் கவுன்சிலர் சொல்லக் கூடாது, அவர் வாயில இருந்தே வரணும்.

ஒரு உதாரணம் வச்சுக்குவோம். கடலுக்குப் போற ஒரு அண்ணன்.

"குடிச்சா உங்களுக்கு என்ன கிடைக்குதுண்ணே?"

"வலை இழுத்த உடம்பு வலி. போட்டாத்தான் தூக்கம் வருது."

"சரி, தூக்கம் வருது. வேற என்ன ஆகுது?"

"விடியக்காலையில எந்திரிக்க முடியல. போட்டுக்காரரு வேற ஆள ஏத்திக்கிறாரு."

பாருங்க, யாரும் அட்வைஸ் பண்ணல. அவரே சொல்லிட்டார். அடுத்து கவுன்சிலர் கேட்பார்: "விடறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? 10க்கு எத்தனை?" அவர் "4"ம்பார். நாமளா இருந்தா "ஏன் 4தானா?"ன்னு கேட்போம். கவுன்சிலர் கேட்கிறது, "ஏன் 2 இல்ல?" இப்போ அவர் சொல்ற ஒவ்வொரு பதிலும் விடறதுக்கான காரணமா இருக்கும்.

இது தந்திரம் இல்லையான்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. விற்கிறவர் தன் லாபத்துக்காக நம்மை ஒரு முடிவுக்குத் தள்ளுவார். இங்க லாபம் அவருக்கு, முடிவும் அவரோடது. "இப்போ வேணாம்"னு சொன்னா அதையும் ஏத்துக்கணும்.

வெறும் பேச்சு உதவுமா? கோவாவுல ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல, மருத்துவம் படிக்காத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, இந்த அடிப்படையில கவுன்சிலிங் பண்ண வச்சாங்க. 2017ல லான்செட் இதழ்ல முடிவு வந்தது. மூணு மாசம் கழிச்சு, கடைசி 14 நாள் குடிக்காம இருந்தவங்க கவுன்சிலிங் கிடைச்ச குழுவுல 42%. வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைச்சவங்கள்ல 18%.

நம்ம டெல்டாவுக்கும் இது புதுசில்ல. கணவரைக் குடியில இழந்த சாந்தி ரங்கநாதன், 1980ல சென்னையில டிடிகே மருத்துவமனையைத் தொடங்கினாங்க. அவங்க குழு 1989ல மஞ்சக்குடியில கிராம முகாம் போட்டது. சென்னைக்கு வாங்கன்னு சொல்லாம, ஊருக்கே போய் குடும்பத்தையும் உட்கார வச்சுப் பேசினாங்க.

ரெண்டு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிக்கிறவர் சட்டுனு நிறுத்தினா வலிப்பு வரலாம், அதனால டாக்டர் அவசியம். வீட்ல அடி உதை இருந்தா, பொறுமையா பேசுங்கன்னு மனைவிகிட்ட சொல்லாதீங்க. முதல்ல அவங்க பாதுகாப்பு.

உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416. ரெண்டும் இலவசம். வீட்ல யாருக்காவது இந்தப் பிரச்சனை இருந்தா, அவர் போதையில இல்லாத நேரமா பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க. கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருங்க. அதுதான் கஷ்டம்.

அடுத்த வாரம் பார்ப்போம்!