அனுபந்தத்தில் ஓர் உலகம்



நீண்ட தொடர்கதையைப் படிப்பவருக்கு நேரும் சங்கடம் ஒன்று உண்டு. பத்தாவது வாரத்தில் வந்து போன சிற்றரசன் ஐம்பதாவது வாரத்தில் திரும்பவும் தலைகாட்டுவான். இவன் யார், யாருக்கு மருமகன், எந்தப் போரில் தோற்றவன்? நமக்கு நினைவிராது. என் தாயார், பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்துப் பைண்டு செய்த தொடர்கதைகளின் கடைசித் தாளில் பாத்திரங்களின் பெயரையும் உறவையும் பென்சிலால் எழுதி வைத்திருப்பார். எங்களுடன் டில்லிக்கு ரயிலேறிய சாமான்களில் அந்தத் தொகுதிகளும் இருந்தன.

இந்தப் பென்சில் பட்டியலின் வேலையை நூலாசிரியரே மேற்கொண்டால் என்னவாகும் என்பதற்கு, ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் டோல்கீன் எழுதிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்னும் நெடுங்கதையே தக்க உதாரணம். மூன்று பாகங்களாக வெளிவந்த நூல் அது. முதலிரண்டு பாகங்கள் 1954ஆம் ஆண்டு ஜூலையிலும் நவம்பரிலும் வெளிவந்துவிட்டன. மூன்றாவது பாகமோ 1955 அக்டோபர் வரை வரவில்லை. இரண்டாம் பாகம் கதாநாயகனைப் பகைவர் கையில் சிக்கவைத்து முடிகிறது. வாசகர்களின் தவிப்பைச் சொல்ல வேண்டுவதில்லை. கதை எப்போதோ எழுதி முடிந்திருந்தது. தாமதத்துக்குக் காரணம் அனுபந்தங்கள். அரச வமிசங்களின் சரித்திரம், ஆண்டு வரிசை, குடும்ப மரங்கள், பஞ்சாங்கம், எழுத்து முறை, மொழிகள் என ஆறு அனுபந்தங்கள். இவற்றோடு பெயரகராதி ஒன்றும் தருவதாக முதற்பாகத்தில் வாக்களித்திருந்தார்கள். அது குறித்த காலத்தில் முடியாமற்போகவே, மூன்றாம் பாகத்தில் பதிப்பகத்தார் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். சந்திரன் விஷயத்தைப் பாருங்கள். கதையின் நடுவே தோழர்கள் பிரிந்து வெவ்வேறு திசைகளிற் செல்கின்றனர். ஒரு குழுவின் கதையைச் சில அத்தியாயங்கள் சொல்லிவிட்டு, ஆசிரியர் மற்றதற்குத் திரும்புகிறார். இங்கே இது நடந்த இரவில் அங்கே என்ன நடந்தது? வாசகருக்கு அதைக் காட்டிக்கொடுக்கும் கடிகாரம் வானத்துச் சந்திரன்தான். 1944 மே மாதத்தில், விமானப் படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றிருந்த தம் மகன் கிறிஸ்டோபருக்கு டோல்கீன் ஒரு கடிதம் எழுதினார். நாட்டின் ஒரு பகுதியில் சந்திரன் உதிக்கும் அதே வேளையில் மற்றொரு பகுதியில் அது மறைந்துகொண்டிருப்பதைக் கண்டுபிடித்ததாகவும், பழைய அத்தியாயங்களைத் திருத்துவதிலேயே ஒரு பிற்பகல் போயிற்று என்றும் அதில் சொல்கிறார். அந்தத் திருத்தம் எவர் கண்ணுக்கும் தெரியாது. செய்யாது விட்டிருந்தால், யாரோ ஒரு வாசகர் கண்டிப்பாகக் கண்டுபிடித்திருப்பார்!

பஞ்சாங்கமும் அவ்வாறே. கதையில் வரும் ‘ஹாபிட்’ என்னும் குள்ள மக்களுக்கு மாதந்தோறும் முப்பது நாள். மாதத்தில் சேராத நாட்கள் ஐந்து. அவற்றுள் ஆண்டின் நடுநாளுக்குக் கிழமையே கிடையாது. ஆகவே மிஞ்சிய 364 நாளும் சரியாக ஐம்பத்திரண்டு வாரங்களாகி, ஒவ்வோர் ஆண்டும் ஒரே கிழமையிற் பிறக்கும். நம் அலுவலகங்களில் விடுமுறைப் பட்டியல் தயாரிப்பவர்கள் கேட்டால் பொறாமைப்படுவார்கள்.

இத்தனையும் செய்தவர், மூன்றாம் பாகம் அச்சாவதற்கு முன்பே மனம் சலித்து, அனுபந்தம் தருவதாக வாக்களிக்காமலே இருந்திருக்கலாம் என்று எழுதினார் என்பது வியப்புக்குரியது. கதையைக் கதையாக மட்டும் சுவைப்போர் இவற்றைப் புரட்டாமல் விடுவதே முறை என்பது அவர் கருத்து. தூரத்தில் தெரிகிற, விளக்கப்படாத மலைத்தொடர் தரும் இன்பம் ஒன்றுண்டு. அருகே சென்று அளந்துவிட்டால் அது போய்விடும். ஆயினும் கடிதங்கள் குவிந்தன. ஒருவருக்குப் பாடல்களின் மெட்டு வேண்டும். ஒருவருக்கு அந்நாட்டு மட்பாண்டங்களின் விவரம் வேண்டும்.

அவர் விவரங்களை நூலின் இறுதியில் வைத்தது சரி என்றே நான் கருதுகிறேன். கதவு திறந்திருக்கிறது, நுழைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இக்காலத்துத் தொடர்நாவல்கள் சில, முதல் ஐம்பது பக்கத்தில் வமிசாவளியை ஒப்பிக்கச் சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் விடுகின்றன. அவற்றை நான் மூடிவைத்துவிடுகிறேன்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு நெருக்கமானது கடைசி அனுபந்தம். முழுக்கதையும் வேறொரு பழைய மொழியிலிருந்து தாம் ஆங்கிலத்தில் பெயர்த்தது என்று டோல்கீன் அதிலே பாவனை செய்கிறார். ‘மெரி’ என்பவனின் உண்மைப் பெயர் ‘கலி’. அம்மொழியில் அதற்கு மகிழ்ச்சி என்று பொருளாம். தமிழ்க் காதுக்கு நேர் விரோதம்! டச்சு மொழிபெயர்ப்பும் சுவீடிஷ் மொழிபெயர்ப்பும் வந்தபோது பெயர்கள் பட்ட பாட்டைக் கண்டு வருந்திய அவர், பின்னாளில் மொழிபெயர்ப்பாளருக்கென ஒரு பெயர்க் கையேடே எழுதினார். எப்பெயரைப் பொருளறிந்து மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று அது சொல்கிறது. அவர் 1973இல் மறைந்தார். கையேடு 1975இல் அச்சேறியது.

அதன் அருமை எனக்கு அனுபவத்தில் தெரியும். முன்பு நான் பெயர்த்த ஓர் ஆண்டறிக்கையில், ஒரே திட்டத்துக்கு மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பெயரும் ஒன்பதாம் அத்தியாயத்தில் வேறொரு பெயரும் இட்டுவிட்டேன். படித்த ஒருவர், இரண்டாவது திட்டத்துக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று கேட்டு எழுதினார். இல்லாத திட்டத்துக்கு என்ன பதில் எழுதுவது? அன்றே சொற்பட்டியல் நோட்டு ஒன்று போட்டேன்.

டில்லியிலேயே வளர்ந்த என் மகள் தமிழை வீட்டிலே பேசுவாள், புத்தகமென்றால் ஆங்கிலம்தான். அவளுக்காக இந்நூலின் முதல் அத்தியாயத்தைத் தமிழாக்கத் தொடங்கினேன். கதாநாயகனின் குடும்பப் பெயர் ‘பேகின்ஸ்’. அதிலே ‘பை’ என்ற பொருள் தொனிக்க வேண்டும் என்கிறது கையேடு. ‘பையன்’ என்றால் சிறுவனாகிவிடுகிறான். ‘மூட்டையார்’ என்று எழுதிக் காட்டினேன். சிரித்து முடித்துவிட்டு, “அப்பா, அவர் பேகின்ஸாகவே இருக்கட்டும், மூட்டையைக் கடைசித் தாளில் எழுதிவிடுங்கள்” என்றாள். என் தாயாரின் பைண்டுத் தொகுதிகளை அவள் அதுவரை திறந்துகூடப் பார்த்ததில்லை.