ஆசிரியை ஒருவர் காட்டிய வழி



பேராக் மாநிலத்தில் 1927-இல் பிறந்த திருமதி ராசம்மா பூபாலனின் வாழ்க்கையை இன்று நாம் சற்று எண்ணிப் பார்ப்போம்.

1943-இல் அவர் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். நம் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய பெண்களும் அப்படையில் அணிவகுத்தனர். போர் முடிந்தபின் அவர் கல்வியைத் தொடர்ந்து, பட்டம் பெற்று, ஆசிரியை ஆனார்.

அந்நாளில் ஆணும் பெண்ணும் ஒரே பாடத்தைக் கற்பித்தாலும் பெண்ணுக்குச் சம்பளம் குறைவு. மணமான ஆசிரியைக்கோ நிரந்தரப் பணி இல்லை. தற்காலிக ஊழியராகவே காலம் தள்ள வேண்டும். கற்பிப்பவள் குடும்பம் நடத்தலாகாதா? இக்கேள்வியுடன் 1960-இல் பெண் ஆசிரியர் சங்கம் தோன்றியது. அவரே அதன் முதல் தலைவி. வகுப்பறையை விட்டு விலகாமலேயே அவர் நியாயம் கேட்டார். அவரும் பிற மாதர் தலைவியரும் பல்லாண்டு பாடுபட்டதன் பயனாக, 1969-இல் அரசாங்கச் சேவையில் சம ஊதியக் கொள்கை ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை ஆனார். 1982 வரை அப்பொறுப்பை வகித்தார்.

பெற்றோர்களே! தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவென்று மூத்த மகளின் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். வீட்டுச் சுமையை எல்லாரும் பகிர்ந்துகொள்ளலாம். அவள் இழக்கும் பள்ளி நாட்களை எவராலும் திருப்பித் தர இயலாது. கற்ற பெண் தன் வீட்டுக்கும் விளக்காவாள், நாட்டுக்கும் துணையாவாள்.