சம்பள உயர்வும் தன் வலியறிதலும்
(சங்க ஆண்டுவிழாவில் ஆற்றிய சொற்பொழிவின் சாரம்)



இச்சங்கத்தின் மேடையிலே சம்பளத்தைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் ஐயுறலாம். பொருளை இகழ்வது நம் சமயநெறி அன்று. திருவள்ளுவர் பொருள்செயல்வகை என ஓர் அதிகாரமே வகுத்தார். தீதின்றி வந்த பொருளால் அறமும் நடக்கும், இல்லறமும் நடக்கும்.

மென்பொருள் பொறியியலாளராய்ப் பத்தாண்டளவு உழைத்து, நடுவழியில் நிற்கும் அன்பர்களுக்கே இன்று சிறப்பாகச் சொல்ல வந்தேன். நானும் அவ்வழி வந்தவன். ஒரே தாபனத்தில் எட்டாண்டுகள் வாய் திறவாதிருந்தேன். அதனை அடக்கம் என்று எண்ணினேன். என்னிடம் வேலை பழகிய இளைஞர் ஒருவர் என்னிலும் கூடிய சம்பளம் பெறுவதை ஒருநாள் அறிந்தேன். அன்றிரவு உறக்கமில்லை. மேலதிகாரியை மனத்துள் வைதேன். விடியும்போதுதான் ஓர் உண்மை தோன்றிற்று: நான் ஒருநாளேனும் கேட்டதில்லை. என்னிடம் இருந்தது அடக்கமன்று, அச்சம்.

கேட்டேன், மறுத்தார்கள். "நீர் செய்த வேலையால் விளைந்த பயன் யாது?" என்ற வினாவுக்கு என்னிடம் விடையில்லை. அந்த மறுப்பே எனக்குக் குருவாயிற்று.

குறளிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அரசர்க்கு உரைத்தவை எனினும் நமக்கும் பொருந்துவன.

முதலாவது, வலியறிதல். எத்தனை வரி எழுதினோம் என்பது வலிமையன்று. நிரல் எழுதும் வேலையிற் பெரும்பகுதியை இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே செய்கின்றன. எதை எழுதவேண்டும், எங்கே பிழைக்கும், பிழைத்தால் யார் பொறுப்பு என்று தீர்மானிக்கும் அறிவுக்கே விலையுண்டு. ஆதலின் மாதந்தோறும் ஒரு குறிப்பேடு எழுதுங்கள். எட்டு நிமிடம் எடுத்த அறிக்கையை எட்டு விநாடியில் வரச் செய்தீரா? மேகக் கணிமைக்கான மாதச் செலவைக் குறைத்தீரா? தொகையோடு எழுதுங்கள். ஆறு மாதக் குறிப்போடு நான் மீண்டும் கேட்டபோது, மறுத்தவர்களே உயர்த்தித் தந்தார்கள்.

இரண்டாவது, காலமறிதல். நிதியாண்டு ஏப்பிரலில் தொடங்கும் தாபனத்திலே, பாதீடு முடிந்தபின் மார்ச்சு இறுதியிற் கேட்பது பந்தி முடிந்தபின் இலை போடுவதாகும். மார்கழியிலேயே பேச்சைத் தொடங்குங்கள். வேலை மாறுவதற்கும் காலமுண்டு. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாத தாபனத்தில் ஐந்தாண்டு நிறைவு செய்தவர்க்கு, ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் உரியது. மூன்று இலட்சம் ரூபா அடிப்படைச் சம்பளமாயின் அது ஏழரை இலட்சம். மூன்று மாதம் பொறாமல் அதனை இழப்பது விவேகமன்று.

மூன்றாவது, இடனறிதல். 2022இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டொலர், மே மாதத்தில் 350ஐத் தாண்டிற்று. ஒரே தொழிலைச் செய்த இருவருள், டொலரிற் பெற்றவர் நிமிர்ந்தார். ரூபாவிற் பெற்றவர் தளர்ந்தார். எனினும் தொகையை மட்டும் பார்த்து மயங்கற்க. இங்குள்ள தொழில்தருநர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் சேர்க்கிறார். பிறநாட்டுத் தாபனத்துக்கு ஒப்பந்தக்காரராய் உழைப்பவர் இவற்றையும், சம்பளத்துடன் கூடிய விடுமுறையையும் தாமே தேடிக்கொள்ளவேண்டும். படிகளைக் கூட்டி அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டும் கடிதத்தையும் கூர்ந்து பாருங்கள். பணிக்கொடை குறைவதும் அதனாலேயே.

ஒன்று சொல்லி அமைகின்றேன். இல்லாத வேறொரு வேலையைக் காட்டி மிரட்டிப் பெறும் உயர்வு நிலைக்காது. பொய்யென வெளிப்பட்டால் சம்பளத்தோடு பெயரும் போகும். உண்மையான கணக்கோடு, அமைதியாக, தொகையைச் சொல்லிக் கேளுங்கள். அது இரத்தலன்று, உழைப்பின் விலையை உரைத்தலே.

கேட்டுப் பெற்றவர்க்கு ஒரு கடமையும் உண்டு. உங்களின் கீழ் வாய் திறவாது உழைக்கும் ஓர் இளைஞர் இருப்பார். அவர் கேட்குமுன் அவருக்காக நீங்கள் கேளுங்கள்.